தலையெழுத்தும் உயிரணு எழுத்தும்



தலையெழுத்து என்பதற்கு ஆதாரம் என்னவென்று கேட்டால் நேற்றுவரையில் நமது வைதீகர்கள் புராணத்தைக் காட்டிக் கொண்டிருந்தார்கள். புராணம் இப்போது அவ்வளவாகச் செல்லுபடியாகவில்லை என்று கண்டவுடன் விஞ்ஞானத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்ற ஆரம்பித்து விட்டார்கள். "உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் எழுத்து இருக்கிறதென்று மேல்நாட்டாரே ஒப்புக்கொண்டு விட்டார்கள். அதைத்தான் நம் பெரியவர்கள் பிரம்மன் எழுத்து என்று அப்போதே சொன்னார்கள். எழுதினபடிதான் நடக்கும்" என்பதே இன்று உபந்நியாசங்களில் விற்கப்படும் புதுச் சரக்கு. இதைக் கேட்டுவிட்டு வந்த சின்ன காஞ்சிபுரத்து நெசவாளத் தோழர்கள் சிலர், "இதற்கு நாம் என்ன பதில் சொல்லுவது?" என்று கேட்கிறார்கள். கேட்டது மிகவும் நல்லது. கேட்காமல் தலையை ஆட்டியிருந்தால்தான் மோசம்.

ஏனென்றால் இது வெறும் வேடிக்கைப் பேச்சு அல்ல. தலையெழுத்து என்றால் சிரிக்கிற வாலிபன்கூட, "ஜீன்" என்று சொன்னால் கைகட்டிக் கொள்ளுகிறான். தறிக்காரன் பிள்ளைக்குத் தறிதான் ஜீனில் இருக்கிறது என்றும், கணக்குப்பிள்ளை மகனுக்குக் கணக்குதான் ஜீனில் இருக்கிறது என்றும் படித்தவர்களே கூசாமல் பேசுகிறார்கள். இது பழைய வருணாசிரமம் கோட்டும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு வருவதே அல்லாமல் வேறென்ன? ஆகவே உயிரணுவில் உள்ள எழுத்து எப்படிப்பட்டது, அதைப் படிப்பது எது, எழுதினபடியேதான் நடக்கிறதா என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

நமது உடம்பின் பெரும்பாலான வேலைகளைச் செய்வது புரோட்டீன்கள். ஒரு புரோட்டீன் என்பது அமினோ அமிலம் என்னும் மணிகளை வரிசையாகக் கோத்த ஒரு சரம். எந்த மணிக்குப் பின் எந்த மணி என்ற வரிசை டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் நாலே நாலு எழுத்துக்களில் இருக்கிறது. வேண்டிய பகுதிக்கு மட்டும் ஆர்.என்.ஏ. என்று ஒரு நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகலை ரைபோசோம் என்னும் மிகச் சிறிய யந்திரம் மூன்று மூன்று எழுத்தாகப் படித்து மணியைக் கோத்துக்கொண்டே போகிறது.

நெசவாளத் தோழர்களுக்கு இது புதிதல்ல. ஜக்கார்டுத் தறியில் அட்டை ஓடுவதை நினைத்துக் கொள்ளுங்கள். அட்டையில் ஓட்டை உள்ள இடத்தில் ஊசி நுழைகிறது, இல்லாத இடத்தில் தடைப்படுகிறது. அதன்படி இழை தூக்குகிறது, நாடா ஓடுகிறது, பூ விழுகிறது. அட்டைச் சரம்தான் ஆர்.என்.ஏ., தறிதான் ரைபோசோம் என்று வைத்துக் கொள்ளலாம். நாடா நூலைக் கொண்டுவருவதுபோல ஒவ்வொரு மணியையும் தூக்கிக்கொண்டு வருவதற்குத் தனித்தனிச் சுமைகாரர்கள் உண்டு. உவமை இவ்வளவுக்குத்தான். அட்டை என்றவுடனே அட்டை வெட்டினவன் எங்கே என்று கேட்க வருகிறவர்களுக்குப் பின்னால் பதில் சொல்லுவேன்.

நாலு எழுத்தை மூன்று மூன்றாகச் சேர்த்தால் 64 சொற்கள் கிடைக்கும். எந்தச் சொல்லுக்கு எந்த மணி என்பது 1961 முதல் 1966 வரையில் படிப்படியாகக் கண்டுபிடிக்கப்பட்டது. 61 சொற்கள் 20 விதமான மணிகளைக் குறிக்கின்றன. மற்ற மூன்றும் "நிறுத்து" என்னும் சொற்கள். அந்த மூன்றில் ஒன்று யு-ஜி-ஏ. இந்தக் கண்டுபிடிப்பிற்காக 1968-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் ஹர் கோவிந்த் கொரானா. அவர் பிறந்த பஞ்சாப் கிராமத்தில் ஜனத்தொகை சுமார் நூறு. அதில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் அநேகமாக அவருடையது ஒன்றுதான். அந்த நூறு பேருக்கும் "படிப்பு நம் தலையில் எழுதவில்லை" என்று சொல்லியிருக்க எத்தனை நேரமாகும்? ரைபோசோமின் உருவத்தைத் துலக்கிக் காட்டியதற்காக 2009-ல் பரிசு பெற்ற மூவரில் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் நமது சிதம்பரத்தில் 1952-ல் பிறந்தவர். மற்றொருவரான அடா யோனத் ஒரு பெண்மணி.

நிற்க. 64 சொற்களுக்கும் அர்த்தம் கண்டாகிவிட்டது, மணிகள் இருபது, நிறுத்தும் சொற்கள் மூன்று என்று புத்தகங்களிலும் அச்சாகிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மனப்பாடமும் செய்துவிட்டார்கள். இதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டிய கதை.

செலினியம் என்று ஒரு மூலகம் இருக்கிறது. 1817-ல் ஸ்வீடன் தேசத்து பெர்சீலியஸ் கண்டுபிடித்து, சந்திரனுக்குக் கிரேக்கர் இட்ட பெயரை அதற்கு வைத்தார். வெகுகாலம்வரையில் இது ஒரு விஷம் என்று மட்டுமே தெரிந்திருந்தது. 1957-ல் கிளாஸ் ஷ்வார்ஸ் என்பவர், இது துளி அளவாவது இல்லாவிட்டால் எலிகளின் ஈரல் கெட்டுப்போவதைக் காட்டினார். 1973-ல் நமது உடம்பிலுள்ள ஒரு முக்கியமான புரோட்டீனில் செலினியம் இருப்பது தெரிந்தது. பட்டு வெளுக்க உபயோகிக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு உங்களுக்குத் தெரியும். அதே சரக்கு நமது உயிரணுக்களுக்குள்ளும் ஓயாமல் உண்டாகிக் கொண்டிருக்கிறது. விட்டுவைத்தால் உயிரணுவையே அரித்துவிடும். அதைப் பிடித்துத் தண்ணீராக்கிவிடுவதுதான் அந்தப் புரோட்டீனின் வேலை. 1976-ல் தெரெசா ஸ்டாட்மன் என்னும் பெண் விஞ்ஞானியின் பரிசோதனைச் சாலையில், செலினியம் புரோட்டீனுக்குள் எந்த ரூபத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது வெளியாயிற்று. சிஸ்டீன் என்ற மணியில் கந்தகம் இருக்கும் இடத்தில் இதில் செலினியம் இருக்கிறது. அதற்குச் செலினோசிஸ்டீன் என்று பெயர். அதாவது இருபது மணிப் பட்டியலில் இல்லாத இருபத்தோராவது மணி!

பட்டியலில் இல்லாத மணிக்குச் சொல் ஏது? 1986-ல் எலியின் ஜீனைப் படித்துப் பார்த்தார்கள்; நமது குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ஜீனையும் வேறு ஒரு சாலையில் படித்துப் பார்த்தார்கள். இரண்டிலும் அந்த மணிக்கு நேராக நின்ற சொல் யு-ஜி-ஏ. எது "நிறுத்து" என்று இருபது வருஷமாக எல்லோரும் சொல்லிவந்தார்களோ அதே சொல். அங்கே சரம் நிற்கவில்லை. செலினியம் மணியைக் கோத்துக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தது.

இப்போது என்ன நடந்தது? புத்தகத்திற்கு விரோதமாயிருக்கிறதென்று யாராவது பிராயச்சித்தம் செய்தார்களா? நமது சின்ன காஞ்சிபுரத்தில் ஒரே வரதராஜப் பெருமாளின் முன்னால் எந்தக் கலையார் பிரபந்தம் ஓதுவது என்பதற்காக வடகலையாரும் தென்கலையாரும் நூறு வருஷத்துக்கு மேலாகக் கோர்ட்டு ஏறியிருக்கிறார்கள். அங்கே இரண்டு கட்சியும் காட்டுவது பழைய வழக்கத்தை. கோர்ட்டார் தேடுவதும் பழைய வழக்கத்தை. யார் வீட்டிலும் செய்து பார்த்துத் தீர்த்துக் கொள்ளக்கூடிய விஷயமாக அது இல்லை. யு-ஜி-ஏ விஷயத்தில் யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. மற்றவர்களும் செய்து பார்த்தார்கள். சரி என்று கண்டார்கள். புத்தகத்தைத் திருத்தி அச்சிட்டார்கள். 2002-ல் யு-ஏ-ஜி என்னும் மற்றொரு "நிறுத்து"ச் சொல்லும் சில நுண்ணுயிர்களில் இருபத்திரண்டாவது மணியைக் குறிக்கிறது என்று கண்டபோது அதையும் சேர்த்துக் கொண்டார்கள். பிழை தெரிந்தால் திருத்திக் கொள்ளுவது அறிவுக்கு மானக்கேடு அல்ல. திருத்தவே கூடாது என்பதுதான் மானக்கேடு.

சரி, ஒரே சொல் ஓரிடத்தில் "நில்" என்றும் ஓரிடத்தில் "செலினியத்தைக் கோத்துக்கொண்டு போ" என்றும் ஆவது எப்படி? ரைபோசோமுக்கு ஞானதிருஷ்டி கிடையாது. அந்தச் சொல்லுக்கு வெளியே நாலு ஏற்பாடுகள் கூடினால்தான் காரியம் நடக்கிறது.

முதலாவது, இந்த மணிக்கென்று ஒரு தனிச் சுமைகாரன் வேண்டும். இரண்டாவது, மற்ற இருபது மணிகளும் தயாரானபின் சுமைகாரன் தோளில் ஏறுகின்றன. இந்த மணியோ சுமைகாரன் தோளிலேயே செய்யப்படுகிறது. முதலில் செரின் என்னும் சாதாரண மணியை ஏற்றி, அது தோளில் இருக்கும்போதே படிப்படியாக மாற்றிச் செலினியத்தைப் பொருத்துகிறார்கள். வெள்ளை நூலை நாடாவில் ஏற்றிவிட்டு அங்கேயே சாயம் போடுவதுபோல! மூன்றாவது, ஆர்.என்.ஏ. நகலின் வாலில் ஓர் அடையாளம் வேண்டும். நகல் முழுவதும் புரோட்டீனாக நெய்யப்படுவதில்லை. கடைசியில் நெய்யாமல் விடப்படும் வால் ஒன்று உண்டு. அந்த வாலின் ஓரிடத்தில் இழை தன்மேலேயே மடங்கி ஒரு கொண்டைபோல நிற்கிறது. 1991-ல் இதைக் கண்டார்கள். இந்தக் கொண்டை இருந்தால் அந்த நகலிலுள்ள யு-ஜி-ஏ செலினியம் மணியாகப் படிக்கப்படும். இல்லாவிட்டால் நிறுத்தம்தான். நமக்கும் மிருகங்களுக்கும் கொண்டை வாலில். பாக்டீரியாவுக்கோ யு-ஜி-ஏ-வை ஒட்டி அடுத்தபடியாகவே இருக்கிறது. நாலாவது, அந்தக் கொண்டையைப் பிடித்துக்கொள்ள ஒரு புரோட்டீனும், தனிச் சுமைகாரனை ரைபோசோமுக்குள் அழைத்துப்போக ஒரு புரோட்டீனும் வேண்டும். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா, பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள ஒரு கையாள். கையாள் வராத நாளில் அட்டை சரியாயிருந்தும் கோர்வை விழாது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

இந்த நாலுக்கும் அடியில் ஐந்தாவது ஒன்று இருக்கிறது. அதுதான் முக்கியம். செலினியம் சரக்கு இருக்க வேண்டும். அது உயிரணுவில் உற்பத்தியாவதில்லை, வானத்திலிருந்தும் வருவதில்லை. மண்ணிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து ஆடு மாடு கோழிக்கும், இவற்றிலிருந்து நமது வயிற்றுக்கும் வருகிறது. சரக்கு குறைந்தால் தனிச் சுமைகாரன் வெறுந்தோளோடு நிற்கிறான். ரைபோசோம் அதே யு-ஜி-ஏ-வில் நின்றுவிடுகிறது. புரோட்டீன் அரைகுறையாக அறுந்து விழுகிறது. பல சமயங்களில் நகலையே உயிரணு கிழித்தெறிந்து விடுகிறது. பஞ்சத்தில் எல்லாம் ஒன்றுபோலக் குறைவதும் இல்லை. சில புரோட்டீன்கள் முதலில் நின்றுபோகும். சில கடைசிவரை தயாராகும். மூளை தன் பங்கைக் கடைசிவரை விட்டுக்கொடுப்பதில்லை.

தோழர்களே, இங்கேதான் உபந்நியாசகரை நிறுத்திக் கேட்க வேண்டும். எழுத்து ஒன்றே. அதில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. வயிற்றுக்குப் போகும் அன்னத்தில் ஒரு துளிச் சரக்கு இருந்தால் அது "போ" என்கிறது. இல்லாவிட்டால் "நில்" என்கிறது. அப்படியானால் "எழுதினபடிதான் நடக்கும்" என்ற பேச்சுக்கு அர்த்தம் என்ன?

இதற்குக் கண்முன் சாட்சி சீன தேசத்தில் இருக்கிறது. 1935-ல் வடகிழக்குச் சீனாவில் கேஷான் என்ற இடத்தில் ஒரு நோய் கவனத்துக்கு வந்தது. சிறு குழந்தைகளுக்கும் பிள்ளைபெறும் வயதுள்ள பெண்களுக்கும் இருதயம் வீங்கித் தளர்ந்து பலர் மாண்டுபோனார்கள். அதே ஊர்ப் பெயரையே நோய்க்கும் வைத்தார்கள். அந்த நோய் கண்ட பிரதேசங்களின் மண்ணில் செலினியம் மிக மிகக் குறைவு என்பது பின்னால் தெரிந்தது. 1974-ல் ஸேச்சுவான் மாகாணத்துக் கிராமங்களில் 4,510 குழந்தைகளுக்குச் செலினியம் உப்பு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 3,985 குழந்தைகளுக்குக் கொடுக்கவில்லை. மாத்திரை கொடுக்காதவர்களில் 54 பேருக்கு நோய் வந்தது. கொடுத்தவர்களில் 10 பேருக்கே வந்தது. செலினியக் குறைவோடு ஒரு வைரஸும் சேர்ந்து இந்த நோயை உண்டாக்குகிறது என்பதற்கும் பிற்காலத்தில் சான்றுகள் கிடைத்தன. எப்படியானாலும் குழந்தைகளைக் காப்பாற்றியது ஒரு சிட்டிகைக்கும் குறைந்த உப்பு. அதற்குமுன் எத்தனை தாய்மார்கள் "என் தலையெழுத்து" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதிருப்பார்கள்! கோளாறு அவர்கள் தலையில் இல்லை, காலடி மண்ணில் இருந்தது.

இதனால் செலினியம் ஏதோ அமிர்தம் என்று எண்ணிவிடக் கூடாது. நமது தேசத்திலேயே பஞ்சாபில் ஹோஷியார்பூர் ஜில்லாவிலும், இன்று பகத்சிங் பெயரைத் தாங்கிய நவான்ஷஹர் ஜில்லாவிலும் சில கிராமங்களின் மண்ணில் செலினியம் அளவுக்கு மிஞ்சிக் கிடக்கிறது. அங்கே விளைந்த தீவனத்தைத் தின்ற மாடுகளுக்குக் குளம்பு வெடித்தது, மயிர் உதிர்ந்தது. மனிதர்களுக்கும் தலைமயிர் உதிர்ந்து நகம் கெட்டது. லூதியானா விவசாயக் கலாசாலையார் அந்த மண்ணையும் பயிரையும் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார்கள். குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 40 முதல் 55 மைக்ரோகிராம். குன்றிமணி எடையுள்ள செலினியம் ஒருவனுக்கு ஆறு வருஷத்துக்குப் போதும். மீன், முட்டை, மாமிசம், தானியம், பருப்பு என்று கலந்து சாப்பிடுகிறவனுக்குப் பெரும்பாலும் இது தானே கிடைத்துவிடும்.

இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், தாயத்து விற்றவன் கடையை மூடிய இடத்தில் மாத்திரை விற்கிறவன் கடை திறந்திருக்கிறான். புற்றுநோய் வராது, வாலிபம் போகாது என்று செலினியம் மாத்திரையும் விற்பனைக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 2001-ல் தொடங்கி 35,533 ஆண்களை வைத்துச் செய்த பரிசோதனையில், தினம் 200 மைக்ரோகிராம் செலினியம் புற்றுநோயைத் தடுக்கவில்லை என்று கண்டு 2008-ல் மாத்திரையை நிறுத்தினார்கள். அதே 2008-ல் அங்கே ஒரு டானிக்கில், சீட்டில் போட்டதைவிட இருநூறு மடங்கு செலினியம் கலந்துபோய் இருநூறு பேர் நோயில் விழுந்தார்கள். புராணத்தை நம்பாதே என்று சொல்லுகிற நாம் விளம்பரத்தை நம்பு என்று சொல்ல மாட்டோம். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதை ரத்தப் பரிசோதனையும் வைத்தியரும் சொல்லட்டும்.

இனி, அட்டை வெட்டினவன் எங்கே என்ற கேள்விக்கு வருவோம். இந்த ஏற்பாடு அவ்வளவு நேர்த்தியாயிருக்கிறதே, யோசித்துச் செய்த ஒருவன் இல்லாமல் முடியுமா என்பார்கள். நமது ஊருக்குச் சோறு போடும் பட்டுப்பூச்சியைக் கேளுங்கள். மனிதனுக்குச் செலினியம் புரோட்டீன்கள் 25 ஜீன்களில் இருக்கின்றன. சாதாரணப் பழ ஈக்கு மூன்று. பட்டுப்பூச்சிக்கோ ஒன்றுகூட இல்லை. அதன் முன்னோருக்கு இருந்த ஏற்பாடு வழியிலே கழன்று போய்விட்டது. செலினியம் இல்லாமலே மல்பெரி இலையைத் தின்று பட்டு நூற்றுக் கொண்டிருக்கிறது. தேனீக்கும் இப்படியே. ஈக்குக் கொடுத்து, பட்டுப்பூச்சிக்குப் பிடுங்கிக்கொண்டவன் என்ன யோசித்துச் செய்தான்? இருக்கிறதை வைத்து ஒப்பேற்றி, உதவாததை வழியில் விட்டு, கோடிக்கணக்கான வருஷங்களில் உயிர்கள் மாறிவந்ததன் அடையாளம்தான் இது. நிறுத்தும் சொல் ஒன்றையே இன்னொரு வேலைக்கும் சேர்த்து உபயோகிப்பதும் அப்படிப்பட்ட ஒப்பேற்றல்தான்.

எழுத்திலேயே பிழை இருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜீனில் ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கொண்டையைப் பிடிக்கும் புரோட்டீனின் ஜீனிலேயே பிழையுள்ள குடும்பங்களை 2005-ல் கண்டார்கள். தைராய்டுச் சுரப்பியின் ரசத்தைச் சரியான ரூபத்துக்கு மாற்றுவதும் செலினியம் புரோட்டீன்கள் ஆதலால், அக்குழந்தைகளின் ரத்தத்தில் அந்த ரசத்தின் கணக்கு தாறுமாறாக இருந்தது, வளர்ச்சியும் குறைந்தது. ஆனால் எழுத்தைப் படிக்கத் தெரிந்ததனால்தான் காரணம் தெரிந்தது. காரணம் தெரிந்ததனால்தான் என்ன வைத்தியம் செய்யலாம் என்று யோசிக்க முடிந்தது. பிரம்மன் எழுத்தை இதுவரையில் யாராவது படித்து ஒரு குழந்தைக்கு ஒரு வேளை மருந்தாவது சொன்னதுண்டா?

அன்றியும், அந்த 25 ஜீன்களும் கோவில் மிராசுதாரருக்கும், பட்டு முதலாளிக்கும், தறியில் குனிந்து கிடக்கிறவனுக்கும், தெருக்கூட்டுகிறவளுக்கும் பொதுவானவை. யு-ஜி-ஏ எவன் உடம்பிலும் ஜாதி கேட்டுப் படிக்கப்படுவதில்லை. அது கேட்பதெல்லாம் ஒன்றுதான்: சரக்கு வந்து சேர்ந்ததா? ஓர் உயிரணுவில் ஒரு சொல்லைப் படிப்பதற்கே இவ்வளவு துணையும் அன்னமும் வேண்டியிருக்கும்போது, ஒரு பிள்ளை தறிக்குத்தான் லாயக்கு, படிப்புக்கு லாயக்கில்லை என்று பிறப்பைப் பார்த்தே சொல்லுகிறவன் எதைப் படித்துச் சொல்லுகிறான்? அவனுக்கு நல்ல சோறு கிடைத்ததா, பள்ளிக்கூடம் கிடைத்ததா, வெளிச்சமுள்ள வீடு கிடைத்ததா என்று பார்த்தானா?

ஆகவே தோழர்களே, இனிமேல் எவராவது உங்களிடம் வந்து, "எல்லாம் எழுதினபடி" என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த எழுத்து, காட்டு. அதை எது படிக்கிறது, சொல். படிப்பதற்கு வேண்டிய சாமான் வந்து சேர்ந்ததா, பார்த்தாயா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லக் கூடியவனிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். பதில் சொல்ல முடியாதவனுக்குத் தட்சணை கொடுக்காதீர்கள். அந்தக் காசுக்குக் குழந்தைக்கு ஒரு முட்டை வாங்கிக் கொடுங்கள்.